சிங்கம் சாய்ந்தால் லட்சம் கிடைக்குமா?



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது கவிதைதான் எழுதலாம் என்று நினைத்தேன். ஆனால் நம்ம மலரில் பாதி காதல் கவிதை, மீதி நட்புக் கவிதை. அதனால் நான் ஒரு ரூபாய்க் காசைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்க வேண்டாம். கடைசி வரை படித்துவிட்டு, வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசினால் போதும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

எங்க வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா கொத்தனார். அம்மா தெருமுனையில் இட்லிக் கடை போடுகிறார். போன வருஷம் அப்பா சாரத்திலிருந்து வழுக்கி விழுந்து கணுக்காலில் அடிபட்டது. ஒன்றரை மாதம் வேலைக்குப் போகவில்லை. கட்டிலில் உட்கார்ந்து செல்போன் பார்ப்பதைத் தவிர அவருக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை. அப்போதுதான் அந்த வீடியோ வந்தது.

"உங்க வீட்ல இந்த ஒரு ரூபா இருக்கா? நீங்கதான் லட்சாதிபதி!" என்று ஆரம்பிக்கும் வீடியோ. காசின் ஒரு பக்கம் சிங்கம் நேரா நிக்கணுமாம். திருப்பினா மறுபக்கம் சாஞ்சு இருக்கணுமாம். அப்படி ஒரு காசுக்கு அஞ்சு லட்சமாம்!

அம்மாவின் கடை டப்பாவில் சில்லறைக்குப் பஞ்சமில்லை. அப்பா மூன்று நாள் அதைக் கொட்டிக் கொட்டித் திருப்பிப் பார்த்து, ஏழு காசைத் தனியாகப் பொறுக்கி ஒரு மாத்திரை டப்பாவில் வைத்தார். அதில் ஒன்றின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து வீடியோவில் இருந்த நம்பருக்கு அனுப்பினார். ஒரு மணி நேரத்தில் போன் வந்தது. பேசியவன் "சார்" என்று கூப்பிட்டானாம். எங்க அப்பாவை அதுவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை.

"உங்க காசு செலக்ட் ஆயிருக்கு சார். பதிவுக் கட்டணம் 1,150 ரூபா கட்டுங்க." அப்பா கட்டினார். மறுநாள், "வரி 4,500 ரூபா சார், காசு வாங்குறப்ப சேர்த்துத் திருப்பித் தந்துடுவோம்." அதையும் கட்டினார். அது என் செமஸ்டர் பீஸுக்கு என்று அம்மா ஒதுக்கி வைத்த பணம். மூன்றாம் நாள் இன்சூரன்ஸ் என்று 8,000 கேட்டான். நல்லவேளை, வீட்டில் அவ்வளவு பணம் இல்லை. அதற்குப் பிறகு அந்த நம்பர் எடுக்கவே இல்லை.

போனது 5,650 ரூபாய். பணம் போனதை விட எனக்கு வலித்தது வேறு. விஷயம் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். "ஏம்பா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றேன். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நீ சிரிப்பேன்னு நெனச்சேன்டா" என்றார்.

அவர் அப்படி நினைத்ததில் தப்பில்லை. முதல் வருஷம் சேர்ந்த புதிதில் எதற்கெடுத்தாலும் "உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான் நான். சரி, இந்த விஷயத்தில் எனக்கு என்ன தெரியும் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை! மாத்திரை டப்பாவை வாங்கிக்கொண்டேன். சாரிடம் கேட்டேன், படித்தேன், டவுனில் பழைய காசு வாங்கி விற்கும் பெரியவர் ஒருவரிடமும் கேட்டேன். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

சாய்வு எப்படி வருகிறது?

'காயினிங்' என்று இரண்டு மார்க் கேள்விக்குப் படித்தோமே, அதுதான் இது. நாணயச் சாலையில் தகட்டிலிருந்து வில்லை வெட்டி, சூடுபடுத்தி மென்மையாக்கி, விளிம்பை லேசாக உயர்த்தி, பிரஸ்ஸுக்கு அனுப்புகிறார்கள். பிரஸ்ஸில் இரண்டு டை. ஒன்றில் சிங்கம், மற்றதில் ஒன்று என்ற எண். சுற்றிலும் காலர். ஒரு டை அசையாமல் நிற்கும், இன்னொன்று வந்து இடிக்கும். ஒரே அடியில் இரண்டு பக்கமும் பதிந்துவிடும். இப்படி நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் காசு விழும்.

டை வட்டமானது. வட்டமானதை எந்தக் கோணத்திலும் உட்கார வைத்துவிடலாம். அதனால்தான் அது திரும்பாமல் இருக்கப் பூட்டி இறுக்குகிறார்கள். இங்கே தப்பு இரண்டு வழியில் நடக்கலாம். டையை மாட்டும்போதே கோணம் தப்பாக இருந்தால், கவனிக்கும் வரை விழுகிற காசு எல்லாம் ஒரே அளவு சாய்வோடு வரும். மாட்டியது சரியாக இருந்து, ஓட ஓடப் பிடி தளர்ந்தால், சாய்வு கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே போகும். இப்படி வரும் காசைத்தான் சேகரிப்பாளர்கள் 'டை ரொட்டேஷன்' என்கிறார்கள்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. சாய்ந்த காசின் ஒவ்வொரு பக்கத்தையும் தனியாகப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. சிங்கம் சுத்தமாக இருக்கும், எண்ணும் சுத்தமாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள உறவில்தான் தப்பு. அதனால்தான் அது நாணயச் சாலையில் தப்பி, வங்கியில் தப்பி, எங்க அம்மாவின் டப்பா வரைக்கும் வந்து சேர்கிறது.

இப்போது யோசியுங்கள். அப்பா அனுப்பியது இரண்டு தனித்தனி போட்டோ. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. அந்த இரண்டு போட்டோவை வைத்து உலகத்தில் யாராலும் சாய்வு இருக்கிறதா இல்லையா என்று சொல்லவே முடியாது! காசைத் திருப்பும்போது பார்த்தால்தான் தெரியும். "செலக்ட் ஆயிருக்கு சார்" என்றவன் காசைப் பார்க்கவே இல்லை. ஆளைத்தான் பார்த்திருக்கிறான். இந்த ஒரு விஷயம் எங்க வீட்டில் யாருக்காவது முன்னாலேயே தெரிந்திருந்தால் 5,650 ரூபாய் மிச்சம்.

புத்தகமா, காலண்டரா?

காசைத் திருப்புவதில் இரண்டு விதம். புத்தகப் பக்கத்தைப் புரட்டுவது போலப் பக்கவாட்டில் திருப்புவது ஒன்று. தினசரிக் காலண்டர் தாளைத் தூக்குவது போல அடியிலிருந்து மேலே திருப்புவது இன்னொன்று.

நம்முடைய ரூபாய்க் காசு புத்தக முறை. சிங்கத்தை நேராக வைத்துப் பக்கவாட்டில் திருப்பினால் மறுபக்கமும் நேராக இருக்க வேண்டும். பதக்கங்கள் இப்படித்தான் இருக்கும் என்பதால் இதற்கு 'மெடல் முறை' என்று பெயர். அமெரிக்காவின் டாலர், சென்ட் காசுகள் காலண்டர் முறை. அதற்கு 'காயின் முறை' என்று பெயர். இது தெரியாதவரிடம் ஒரு சாதாரண அமெரிக்கக் காசைக் காட்டி, "பாருங்க, முழுசாத் தலைகீழா இருக்கு" என்று சொல்லி விற்றுவிடலாம். அந்தக் காசில் ஒரு தப்பும் இருக்காது. தப்பு பார்க்கிறவரிடம்தான்.

கையால் அடித்த பழங்காலக் காசுகள் பலவற்றுக்கு இந்தக் கணக்கே கிடையாது. அச்சைக் கையில் பிடித்துச் சுத்தியலால் அடித்த காலத்தில், காசு எந்தக் கோணத்திலும் விழலாம். அதைப் பிழை என்று யாரும் சொல்வதில்லை. ஆராய்ச்சியாளர்கள் கடிகார மணியைச் சொல்லி, 'மூன்று மணி', 'ஆறு மணி' என்று கோணத்தைக் குறித்து வைக்கிறார்கள், அவ்வளவுதான்.

நூல் பிடித்துப் பார்த்தேன்

கையால் திருப்பும்போது காசோடு சேர்ந்து விரலும் சுழன்றுவிடுகிறது. நேரான காசும் சாய்ந்த மாதிரி தெரியும். நானே நாலு தடவை ஏமாந்தேன். என்ன பண்ணலாம் என்று அப்பாவிடமே கேட்டேன். அவர் காலை நீட்டிக்கொண்டு கட்டிலில் இருந்தபடியே, "நூல் புடிச்சுப் பாருடா. செவுரு நேரா இருக்கான்னு கண்ணால பார்த்துச் சொல்ல முடியுமா?" என்றார்.

அப்படிப் பிறந்ததுதான் எங்க ஜிக். செலவு பத்து ரூபாய்கூட இல்லை. நீங்களும் செய்யலாம்.

காசின் பருமனுக்கு ஒரு கெட்டி அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தது 1992 முதல் 2004 வரை வந்த எவர்சில்வர் ஒரு ரூபாய். அதன் விட்டம் 25 மில்லிமீட்டர். காசு லேசாக உட்காரும் அளவுக்கு அட்டையில் ஓட்டை போடுங்கள். ஓட்டையின் நடுவே மேலிருந்து கீழாக முன்பக்கம் ஒரு நூல், அதற்கு நேர் பின்னால் பின்பக்கம் ஒரு நூல். அட்டையின் இரண்டு பக்கமும் 'மேல்' என்று அம்பு போடுங்கள். கோணமானியை ஜெராக்ஸ் எடுத்து, பூஜ்யம் அம்புப் பக்கம் வரும்படி, பின்பக்கம் ஓட்டையைச் சுற்றி ஒட்டுங்கள்.

காசை உள்ளே வையுங்கள். நடுச் சிங்கத்தின் முகமும் அதற்குக் கீழே உள்ள சக்கரமும் முன்நூலின் மேல் வரும்படி காசைச் சுழற்றுங்கள். இப்போது அட்டையை எப்படி வேண்டுமானாலும் திருப்புங்கள். அம்பு மேலே இருந்தால் சரி. பின்பக்கம் ஒன்று என்ற எண்ணின் தலை எத்தனை டிகிரியில் நிற்கிறது என்று படியுங்கள். வலப்பக்கமா இடப்பக்கமா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று தடவை அளந்து சராசரி எடுங்கள். லேபில் செய்கிற மாதிரிதான்.

அப்பா பொறுக்கி வைத்த ஏழு காசின் கதை இது. நான்கு காசில் சாய்வே இல்லை. எல்லாம் விரல் செய்த வேலை. இரண்டில் ஆறேழு டிகிரி. சுமார் 15 டிகிரிக்குக் குறைந்த சாய்வைச் சேகரிப்பாளர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மிச்சம் ஒன்று. முதல் தடவை 38, அடுத்து 40, அடுத்து 39. நிஜமாகவே சாய்ந்த காசு! அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே ஒரு தடவை நூல் பிடித்துப் பார்த்தார். "ஒண்ணாவது தேறிச்சே" என்றார். விழுந்ததற்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஏமாறக்கூடிய இடங்கள்

எந்தக் காசையும் அளப்பதற்கு முன்னால், அதே வகையில் சாதாரணக் காசு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வடிவம் மாறினால் எது நேர், எது சாய்வு என்பதும் மாறும். 2007-க்குப் பிறகு சில வருஷம் வந்த கைமுத்திரைக் காசுகளில் விரலை மட்டும் பார்த்துக் கோணம் சொன்னால் தப்பாகிவிடும்.

பதினோரு பக்கம் உள்ள பழைய இரண்டு ரூபாய்க் காசில் இன்னொரு சுவாரஸ்யம் இருக்கிறது. டையின் முகமும் காலரின் பதினோரு பக்கத்துக்குள் பொருந்துவதாக இருந்தால், அது இஷ்டத்துக்குத் திரும்ப முடியாது. 360-ஐப் பதினொன்றால் வகுத்தால் வரும் 32.7 டிகிரிப் படிகளில்தான் திரும்ப முடியும். அப்படிப்பட்ட காசு கையில் கிடைத்தால் அளந்து பாருங்கள். நம்ம கணக்கு வாத்தியார் சந்தோஷப்படுவார்.

இரண்டு காசை அறுத்துக் கடைந்து ஒன்றாக ஒட்டியும் ஏமாற்றுவார்கள். விளிம்பின் உள்பக்கம் லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒட்டிய கோடு தெரியும். கீழே போட்டால் சத்தம் மந்தமாக வரும். எடையும் பாருங்கள், அந்த எவர்சில்வர் ஒரு ரூபாய் 4.85 கிராம் இருக்க வேண்டும். காசை உருக்குவதும் அழிப்பதும் 2011-ஆம் வருஷ நாணயச் சட்டப்படி தடை செய்யப்பட்டது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இன்னொன்று. நல்ல காசு கிடைத்தால் புளி போட்டு விளக்காதீர்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய காசுக்குச் சேகரிப்பாளரிடம் மதிப்பு குறைந்துவிடும்.

சரி, விலை என்ன?

காசை டவுன் பெரியவரிடம் அப்பாவோடு எடுத்துப் போனேன். அவர் எங்க ஜிக்கை வாங்கிப் பார்த்துவிட்டு, "யாரு செஞ்சது?" என்றார். அப்பா, "பையன்தான். பாலிடெக்னிக் படிக்கிறான்" என்றார். நான், "யோசனை அப்பாவோடது" என்றேன். காசை அளந்து பார்த்துவிட்டு, "இருநூறு ரூபா தர்றேன்" என்றார்.

அஞ்சு லட்சம் எங்கே, இருநூறு எங்கே! அவர் பொறுமையாக விளக்கினார். ஒரு ஜோடி டை லட்சக்கணக்கில் காசு அடிக்கும். தப்பைக் கவனிக்கக் கொஞ்ச நேரம் ஆனாலே ஆயிரக்கணக்கில் சாய்ந்த காசு வெளியே போய்விடும். அதனால் கொஞ்சம் சாய்ந்த காசு அப்படியொன்றும் அபூர்வம் இல்லை. 90 டிகிரி, அதைவிட 180 டிகிரி என்று முழுசாகத் தலைகீழாக இருந்தால் கேட்டு வாங்குபவர்கள் அதிகம். காசு தேயாமல் இருக்க வேண்டும், அந்த வகையே அரிதாக இருக்க வேண்டும், அப்போதுதான் விலை ஏறும். "சும்மா கடையில கிடைக்கிற ஒரு ரூபாய்க்கு லட்சம் குடுக்குறவன் எவனும் இல்ல தம்பி" என்றார்.

அப்பா அங்கேயே விற்றுவிட்டார். வரும் வழியில் சொன்னார்: "அஞ்சு லட்சம்னு சொன்னவன் அஞ்சாயிரத்துக்கு மேல வாங்கிட்டுப் போயிட்டான். இருநூறுன்னு சொன்ன மனுஷன் இருநூறைக் கையில குடுத்தாரு." அந்த இருநூறு அம்மாவின் டப்பாவுக்குப் போனது. 5,650-ல் திரும்பி வந்தது அவ்வளவுதான்.

என் கருத்து

நண்பர்கள் சிலர், "காசு சேர்க்கிறதெல்லாம் பணக்காரங்க பொழுதுபோக்குடா, நமக்கெதுக்கு?" என்றார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒவ்வொரு நாளும் அதிகமாகக் காசைத் தொடுவது யார்? பூக்காரம்மா, டீக்கடைக்காரர், கண்டக்டர், இட்லிக் கடை போடும் எங்க அம்மா. வலை விரிக்கிறவனும் இவர்களுக்குத்தான் விரிக்கிறான். அதனால் இது நம்ம வீட்டு விஷயம்.

"பேராசைப்பட்டாங்க, ஏமாந்தாங்க" என்று சொல்பவர்களும் உண்டு. அதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். கால் உடைந்து கிடந்த மனுஷன் மகன் பீஸைக் கட்ட வழி தேடினார். அதற்குப் பேராசை என்று பெயரா?

பழைய காசு, நோட்டு விஷயத்தில் தன் பெயரையும் சின்னத்தையும் காட்டிக் கட்டணம் கேட்பவர்களை நம்பாதீர்கள் என்று 2021 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி அறிக்கை விட்டிருக்கிறது. தான் இப்படிப்பட்ட வியாபாரம் எதுவும் செய்வதில்லை, கமிஷன் கேட்பதில்லை, தன் சார்பில் வசூலிக்க யாருக்கும் அனுமதி தரவில்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லலாம். எங்களுக்கு அது தெரியும்போது நாளாகிவிட்டது. அந்த அறிக்கை எங்க அப்பாவின் செல்போனுக்கு வரவில்லை. வீடியோதான் வந்தது. அறிக்கையைப் படித்துச் சொல்ல வேண்டிய ஆள் நான். எங்க வீட்டில் படித்தவன் நான் ஒருத்தன்தானே!

நம்மில் பலர் என்னைப் போல முதல் தலைமுறை. கோணம் அளக்கத் தெரியும், மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரியும். ஆனால் வீட்டில் ஒரு சந்தேகம் வந்தால் நம்மிடம் கேட்கப் பெரியவங்க தயங்குகிறார்கள். 'சிரிப்பான்', 'எரிஞ்சு விழுவான்' என்று பயப்படுகிறார்கள். முன்பின் தெரியாதவன் 'சார்' என்று மரியாதையாகப் பேசினான். பெற்ற மகன் 'உங்களுக்கு ஒண்ணும் தெரியாது' என்றான். அப்பா யாரை நம்பியிருப்பார், நீங்களே சொல்லுங்கள்.

இன்னொரு விஷயமும் மனசில் பட்டது. அந்தச் சாய்ந்த காசு, எங்கோ ஒரு செட்டர் முதல் காசைத் திருப்பிப் பார்க்காமல் விட்டதாலோ, நடுவில் ஒரு தடவை நிறுத்திப் பார்க்காததாலோ வந்தது. நாளைக்கு அந்த இடத்தில் நிற்கப் போவது நாம்தான். காசில் சாய்வு வந்தால் யாருக்கும் அடிபடாது. நாம் மாட்டப் போகிற டையில், ஜிக்கில் என்ன வரும் என்று சொல்ல முடியாது. "முதல் பீஸை அளந்தியா?" என்று ஒர்க்‌ஷாப்பில் சார் தினமும் கேட்கும்போது எரிச்சலாக இருந்தது. இப்போது எரிச்சல் வருவதில்லை.

அப்பா மறுபடி வேலைக்குப் போகிறார். சைட்டில் யாராவது அந்த மாதிரி வீடியோவைக் காட்டினால், "ரெண்டு போட்டோவப் பார்த்து அவனுக்கு எப்படித் தெரியும்? திருப்பிப் பார்த்தானா?" என்று கேட்கிறாராம். இரண்டு பேர் வீட்டுக்கே வந்து ஜிக்கை வாங்கிக் காசு பார்த்துவிட்டுப் போனார்கள். ஒன்றும் தேறவில்லை. ஆனால் ஒரு ரூபாய்கூட எவனுக்கும் கட்டவில்லை.

ஆகவே நண்பர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு ரூபாய்க் காசை எடுங்கள். அப்பா அம்மா பக்கத்தில் உட்காருங்கள். புத்தகம் மாதிரி திருப்பிக் காட்டுங்கள். சாய்ந்திருந்தால் எவ்வளவு பெறும், எவ்வளவு பெறாது என்று சொல்லுங்கள். யாராவது போனில் பணம் கேட்டால் கட்டுவதற்கு முன் என்னிடம் கேளுங்கள், நான் சிரிக்க மாட்டேன் என்று சொல்லுங்கள். அப்புறம் சொன்னபடி, சிரிக்காமல் இருங்கள்!

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு